வெளியே உட்கார ஓர் ஆள்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருந்தது. மேலே ஐந்து மாடிகளில் யாருக்கு என்ன நடந்தாலும் கீழே அது துணியாகத்தான் வந்து சேரும். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை ஷிப்டுக்கு வருகிறவர்களின் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே வருஷம் முழுக்க ஒரே பருவம்தான், புழுக்கம்.

அங்கே அவள் பத்தொன்பது வருஷமாக இஸ்திரி உருளையில் நிற்கிறாள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சுருக்கம் விழாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் கொதிக்கக் கொதிக்க வருவதை வாங்கி மடிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எழுநூறு விரிப்பு. கொடுக்கிற பக்கம் நின்றால் தோள் போகும், வாங்குகிற பக்கம் நின்றால் விரல் போகும். அவளுக்கு இரண்டும் போயாகிவிட்டது, இப்போது காலின் முறை.

இப்படிப்பட்டவளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே பதில் தெரியாது. அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். "நாள் பூரா துணியோட மல்லுக்கட்டிட்டு வந்து, அந்தத் துணியைப் பத்தியே எழுதுறியே, உனக்கே அலுக்கலையா?" என்பார். அலுக்கத்தான் செய்தது. ஆனாலும் ஆறு வருஷமாக 'நீராவி' என்று ஒரு வலைப்பூ வைத்து, வாரம் ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்தாள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் போச்சு என்று எழுதினாள். தலையணை உறைக்குள் மறந்துபோன பல்செட்டைப் பற்றி எழுதினாள். ஐந்து பேர் படித்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று அவளேதான்.

மீதி நாலு பேரும் அவளைப் போலவே எழுதுகிறவர்கள். மொட்டைமாடியில் செடி வளர்க்கிற ஒரு ஆபீஸ் குமாஸ்தா, அவருக்கு மாடித்தோட்டம் என்றே பேர். தினம் நடந்து போகிற வழிகளைப் பற்றி எழுதுகிற ஒரு கணக்கு டீச்சர். மேகத்தைத் தவிர வேறு எதையும் படம் எடுக்காத ஒரு பேக்கரிக்காரர். பிறகு, பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பற்றி எழுதுகிற ஒரு கண்டக்டர். ஐந்து பேரும் ஒரே ஊர்தான். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்க யாருக்கு நேரம்?

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. யார் பதிவு போட்டாலும் ஒரு நாளுக்குள் மற்ற நாலு பேரும் கீழே பின்னூட்டம் போட்டுவிட வேண்டும். ஒரு பதிவும் காலியாகக் கிடக்கக் கூடாது. ஆறாவதாக இருந்த ஒருவர் எட்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காமல் எழுதிப் பார்த்துவிட்டு, ஒருநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார். அந்தப் பயத்தில் வந்த முறை அது. நல்ல முறைதான். ஆனால் எழுநூறு விரிப்பு கொடுத்துவிட்டு வந்த கையால், நாலு பேர் எழுதியதையும் படித்து, யோசித்து, நாலு வரி எழுது என்றால் உடம்பு கேட்க வேண்டாமா?

அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு காரியம் செய்தாள். இருபத்திரண்டு பின்னூட்டங்களை எழுதி, நம்பர் போட்டு, போனில் சேர்த்துவைத்தாள். 'படங்கள் பிரமாதம்.' 'இப்படி எழுத உங்களால்தான் முடியும்.' எந்தப் பதிவுக்கும் பொருந்தும். எடுத்து ஒட்டினால் முடிந்தது. நல்லதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பட்டியலை மற்றவர்களுக்கும் அனுப்பிவைத்தாள். பேக்கரிக்காரர், "அக்கா, நீங்க நல்லா இருக்கணும்" என்று பதில் போட்டார். அதிலிருந்து ஐந்து வலைப்பூக்களும் பார்க்கிற கண்ணுக்குக் கலகலவென்று இருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்டக்டர் குடைகளைப் பற்றிப் பதிவு போட்டார். வேலை முடிந்து திரும்புகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் போனைத் திறந்தாள். மேலே ஒரு படம், பதினோரு குடைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. கீழே நீளமாக எழுத்து. முதல் பாரா படித்தாள். இரண்டாவது பாராவில் பஸ் குலுங்கியது, இறங்குமிடம் வந்துவிட்டது. பதினாலாம் நம்பரை எடுத்து ஒட்டிவிட்டு இறங்கினாள். 'கடைசி வரி மனதை என்னவோ செய்துவிட்டது. தொடருங்கள்.' முதல் பின்னூட்டம் அவளுடையதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். துணி வண்டி தள்ளுகிறவர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பச்சைத் துணிக் கட்டுகள் நாலைந்தைக் கொண்டுவந்து உருளைக்குப் பக்கத்தில் இறக்கினார். கட்டுகளின் நாடா பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"என்னண்ணே, பிரிக்காமலே வருது?" என்று கேட்டாள்.

"பெரிய கேஸ்மா. கிட்னி மாத்துறது. காலையில எட்டு மணிக்கு ரெண்டு தியேட்டரும் தயார் பண்ணி வச்சிருந்தாங்க. கடைசியில ஒத்தி வச்சிட்டாங்க."

"ஏன், டாக்டர் வரலையா?"

"டாக்டர் எல்லாம் வந்தாச்சு. வெளிய உட்கார ஆள் இல்லையாம்."

"அப்படின்னா?"

"புருஷன் குடுக்கிறாரு, பொண்டாட்டிக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள போறாங்க. நடுவுல ஏதாவதுன்னா யார்கிட்ட கேக்குறது, யார் கையெழுத்துப் போடுறது? அதனால வெளிய ஒருத்தர் இருந்தே ஆகணும். ஒன்பதரை வரைக்கும் பார்த்தாங்க. யாரோ வருவாங்க வருவாங்கன்னு அந்த ஆளு போனைப் பார்த்துக்கிட்டே இருந்தாராம். யாரும் வரல. போங்கன்னுட்டாங்க."

எதிரே நின்று முனை பிடித்துக்கொண்டிருந்த ஜோடிக்காரி உச்சுக் கொட்டினாள். இவளும் கொட்டினாள். கொட்டியதோடு விட்டிருக்கலாம்.

"என்ன மனுஷங்கடி இவங்களைச் சுத்தி! இவ்வளவு பெரிய ஊர்ல, வந்து ஒரு நாற்காலியில உட்கார ஒரு ஆள் இல்லாமப் போச்சா?" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறந்தாள். கணக்கு டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. 'அக்கா, பரீட்சைப் பேப்பர் திருத்துனதுல ரெண்டு நாளா எதையும் பாக்கல. இப்பத்தான் கண்டக்டர் பதிவைப் படிச்சேன். நீங்க யாராவது போனீங்களா?'

எங்கே போவது என்று அவளுக்குப் புரியவில்லை. பதிவைத் திறந்தாள். இந்த முறை குடைகளைத் தாண்டிக் கீழே போனாள். எந்தக் குடையும் இரண்டு பேருக்குச் சரியாகப் போதாது, ஆனாலும் ஜனங்கள் இரண்டு பேராகத்தான் அதன் கீழே போகிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே கடைசிப் பாரா.

'வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் ஆபரேஷனுக்கு உள்ளே போகிறோம். மூன்றாம் மாடி. நீராவி அக்கா எழுதுவதை வைத்துப் பார்த்தால் அவர் வேலை செய்வதும் அதே கட்டடம்தான், அவருக்கு இடம் தெரியும். கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வெளியே உட்கார ஓர் ஆள், யாருக்காவது முடியுமா?'

அதற்குக் கீழே அவள் ஒட்டியது இருந்தது. கடைசி வரி மனதை என்னவோ செய்துவிட்டதாம், தொடரவும் சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே பேக்கரிக்காரருக்குப் படம் பிரமாதமாக இருந்தது. மாடித்தோட்டம், இப்படி எழுத உங்களால்தான் முடியும் என்றிருந்தார்.

டப்பாவை அப்படியே ஜோடிக்காரியிடம் தள்ளிவிட்டுப் படியேறினாள். லிப்ட் நோயாளிகளுக்கு. மூன்று மாடி ஏறுவதற்குள் கால் நரம்பு சுண்டி இழுத்தது. இழுக்கட்டும் என்று ஏறினாள்.

மூன்றாம் மாடி வராந்தாவில் நீளமாக நாற்காலிகள். வரிசையின் கடைசியில் இரண்டு பேர் டிஸ்சார்ஜ் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மணிக்கட்டிலும் ஆஸ்பத்திரிப் பட்டை. காலடியில் ஒரு பை, பையின் மேல் மடித்துவைத்த போர்வை. அவர் முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரு வறட்டு பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தம்மா ஒல்லியாக, முகம் சாம்பல் பூத்துப்போய், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி... நான்தான் நீராவி."

அவர் பன்னோடு எழுந்துவிட்டார். "அட! அக்கா! வந்துட்டீங்களா! உட்காருங்க, உட்காருங்க. நான் சொன்னேன்ல," என்று மனைவியைப் பார்த்தார்.

அந்தம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மணி பன்னெண்டே கால்" என்றாள்.

உட்கார இடமிருந்தும் இவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. ஏதாவது பொய் சொல்லலாம், ஷிப்ட் விடவில்லை, சூப்பர்வைசர் விடவில்லை என்று. வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"நான் படிக்கல தம்பி. படிக்காமலே போட்டுட்டேன். பதினாலாம் நம்பர்."

அவர் பன்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார். "பரவால்லக்கா. எல்லாருக்கும் வேலை. மேகத்துக்கெல்லாம் நானும் பட்டியல்லதான் எடுத்துப் போடுவேன். எத்தனை மேகத்தைத்தான் பாக்குறது? நானும் நேரா கேட்டிருக்கணும். போன்ல கேட்டா மறுக்க முடியாம வருவாங்களேன்னு, கடைசியில சும்மா ஒரு வரி..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அந்தம்மா. இப்போதுதான் திரும்பி இவளைப் பார்த்தாள். குரல் உயரவில்லை, உயர்த்த அவளிடம் தெம்பில்லை. "வாரத்துக்கு மூணு நாள் அந்த டயாலிசிஸ் மெஷின்ல கிடக்கிறேன். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இவர் பக்கத்துல உட்கார்ந்து எனக்குப் படிச்சுக் காட்டுறது யாரோடது தெரியுமா? உங்களுது. உங்க ஜோடிக்காரி விரிப்பைக் கோணலாக் கொடுக்கிறது எனக்குத் தெரியும். குழந்தைங்க வார்டு துணியை மட்டும் நீங்க மோந்து பார்ப்பீங்கன்னு தெரியும். உங்க வீட்டுக்காரர் சட்டையில எத்தனை கலர் கறைன்னு தெரியும். என் கூடப் பிறந்தவங்களைப் பத்திக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது."

"அம்மா..."

"செவ்வாக்கிழமை உங்க பதில் வந்துச்சு. 'பாரு, அக்கா முதல் ஆளாப் படிச்சுட்டாங்க, கடைசி வரி மனசைத் தொட்டுச்சாம், கண்டிப்பா வருவாங்க'ன்னு குதிச்சாரு. பக்கத்து வீட்டு டெய்லரம்மா நான் வரட்டுமான்னாங்க. வேணாம், எங்க ஆளு வராங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க நேத்து மக வீட்டுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க." கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாக இருந்தது. "இதுல இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் ஊசி இறங்கும்னு சொல்லியிருக்காங்க. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு."

"அன்னைக்கு நான் வரேன். சத்தியமா வரேன்."

"எழுதுறவங்களுக்கு வார்த்தைக்கா பஞ்சம்," என்றாள் அந்தம்மா. மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் வேலையாகப் பட்டியலை அழித்தாள். எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னாள். பேக்கரிக்காரர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். அவர் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"தப்புதான்கா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா விடியறதுக்கு முன்னாடியே மாவு பிசைய நிக்கிறவன் நான். நாலு பேரோடதையும் வரி விடாம படின்னா எப்படி?"

"படிக்க முடியலன்னா படிக்காதீங்க. ஆனா எதுவும் போடாதீங்க."

"காலியாக் கிடக்குமே?"

"கிடக்கட்டும். காலியாக் கிடந்திருந்தா அவங்க டெய்லரம்மாவைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க."

பேக்கரிக்காரர் அங்கே யாரிடமோ மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கண்டக்டரின் பழைய பதிவுகளைப் படித்தாள். ஒன்று விடாமல், முதலிலிருந்து. ஒற்றைச் செருப்பு, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, யாரோ ஒருவரின் எக்ஸ்ரே. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பதிவில், டாக்டர் சொன்னபடி மனைவி தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயும் அவள் பேர் இருந்தது, 'அருமை' என்று. அன்றைக்குப் பிற்பகல் அவள் கொடுத்த விரிப்புகள் கோணலாகப் போயின. ஜோடிக்காரிதான் இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். இத்தனை வருஷம் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவமானமாக இருந்தது.

லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர், "சொந்தக்காரங்களா?" என்றார். இல்லை என்றாள். இல்லையென்றால் லீவும் இல்லை என்றார். ஜோடிக்காரிதான், தனக்குக் கிடைத்த ஓய்வு நாளைக் கொடுத்து ஷிப்டை மாற்றிக்கொண்டாள். "அப்படி என்ன உறவு உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நாள் காலை ஏழு மணிக்கே அவள் மூன்றாம் மாடியில் இருந்தாள். கண்டக்டர் பச்சை அங்கியில் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தம்மாவை வண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். வண்டி கடந்து போகும்போது அந்தம்மா இவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "வெளிய இருக்கப் போறது நீங்களா? என்ன வேணும் அவங்களுக்கு?"

"அவருக்கு அக்கா."

"இது பேஷண்டம்மாவோட ஃபாரம். புருஷனுக்கு அக்கான்னா இவங்களுக்கு நாத்தனார்." நர்ஸே எழுதிக்கொண்டாள். "எங்கயும் போகக் கூடாது. கூப்பிட்டா உடனே வரணும். கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷமாக நின்றே பழகிய உடம்புக்கு உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது. துணி வண்டி தள்ளுகிறவர் அந்த வழியாகப் போனார், திரும்பி வந்து பார்த்தார். "என்னம்மா, இங்க உட்கார்ந்துட்ட? யாருக்கு என்ன?" என்றார்.

"அன்னைக்கு வராம போனது நான்தாண்ணே," என்றாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குப் பேக்கரிக்காரர் ஒரு பை நிறைய ரொட்டியோடு வந்தார். காதோரம் மாவு ஒட்டியிருந்தது. மதியத்துக்கு மேல் மாடித்தோட்டம் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மூன்று மணிக்கு டீச்சர் வந்தாள். ஆறு வருஷமாக ஒருவரை ஒருவர் அருமை அருமை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, நேரில் பார்த்தபோது பேச ஒன்றும் கிடைக்கவில்லை. மாடித்தோட்டம் மட்டும் ரொட்டியைத் தின்றுகொண்டே, "நிஜமாவே அருமையா இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவரே சிரித்தார், பிறகு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நடுவில் ஒருமுறை கூப்பிட்டார்கள். ஓடினாள். கூடுதலாக ஒரு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார்கள். போட்டாள். அப்போதுதான் அந்த நாற்காலி எதற்கென்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. பன்னிரண்டரைக்கே கண்டக்டரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நாலு மணிக்கு டாக்டர் வந்து, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, பொருத்தினது வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு என்றார். பேக்கரிக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

ஆறு மணி சுமாருக்கு உள்ளேயிருந்து காலையில் பார்த்த நர்ஸ் வந்தாள்.

"அவங்க முழிச்சிட்டாங்க. வெளிய யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. உங்க நாத்தனார் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்காங்கன்னேன். எனக்கு நாத்தனாரே கிடையாதேங்கிறாங்க! மயக்கத்துல மனுஷங்களையே மறந்துட்டாங்களோன்னு நான் பயந்துட்டேன்."

நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். படிவத்தில் பொய் சொன்னதற்கு இனி வெளியே போகச் சொல்வார்கள் என்று இவள் நினைத்தாள்.

"அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க," என்றாள் நர்ஸ். "நாத்தனார்னா சண்டை போட உரிமை உண்டே, நிறைய பாக்கி இருக்கு, போயிடாம இருக்கச் சொல்லுங்கன்னு சொன்னாங்க."

நர்ஸ் உள்ளே போய்விட்டாள். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தள்ளி நின்றதால் நர்ஸ் சொன்னது சரியாகக் காதில் விழாத டீச்சர் பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"என்னக்கா, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "சண்டைக்குக் கூப்பிடுறாங்க."